ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் புதுச்சேரி நகர வாழ்க்கை

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு என்பது புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ் வணிகரும் பிரெஞ்சுக் கும்பனியின் துபாசியுமான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த அன்றாடக் குறிப்புகளின் தொகுப்பாகும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் அரசியலையும் கருநாடகப் போர்களையும் அறிய உதவும் ஆவணமாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. பள்ளிப் பாடநூல்களிலும் அந்த அளவிலேயே இடம்பெறுகிறது. ஆனால் இந்நாட்குறிப்பின் பக்கங்களில் போர்க்களத்தைவிடத் தெருவும் கடைவீதியும் கடற்கரையும் சாவடியும் அதிகம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு தமிழ் நகரத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதை அந்நகரவாசி ஒருவரே தமிழில் எழுதிவைத்த நெடும்பதிவு இது. அவர் வருணித்த நகரம் 1761இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆகவே அதன் அன்றாட வாழ்வை அறிய இக்குறிப்புகளே முதன்மையான வழி.

நகரம்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பனி 1664இல் தொடங்கப்பட்டது. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் குடியேற்றத்தை நிலைப்படுத்தினார். 1693இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1699இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. அதன்பின் கடற்கரையை ஒட்டி லூயி கோட்டை எழுந்தது. நகரைச் சுற்றி மதிலும் வாசல்களும் அமைந்தன. வடக்கே சென்னப்பட்டணத்து வாசல், மேற்கே வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல், தெற்கே கூடலூர் வாசல் என, எந்த ஊருக்கு வழி விடுகிறதோ அந்த ஊரின் பெயரே வாசலுக்கும் வழங்கியது.

கோட்டையை ஒட்டிய கிழக்குப் பகுதியில் வெள்ளையர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் பகுதி. அங்கே செட்டிகள், கோமுட்டிகள், பிராமணர், வேளாளர், கைக்கோளர், கம்மாளர் எனச் சாதிவாரியாகத் தெருக்கள் இருந்தன. மதிலுக்கு வெளியே உழவர்கரை, அரியாங்குப்பம், முத்தியாலுப்பேட்டை போன்ற ஊர்கள் நகரத்தோடு வணிகத்தாலும் உறவாலும் பிணைந்திருந்தன.

எழுதியவர்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709 மார்ச் 30 அன்று சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். உறவினரான நயினியப்ப பிள்ளையின் அழைப்பின் பேரில் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. நயினியப்ப பிள்ளை கும்பனியின் தலைமைத் துபாசியாக இருந்தவர். 1716இல் அவர் கைது செய்யப்பட்டுச் சொத்துகளை இழந்து, அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். பின்னர் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. ஆளுநரின் தயவால் உயர்வதும் அந்தத் தயவு போனால் வீழ்வதும் ஆனந்தரங்கருக்குச் சிறு வயதிலேயே குடும்பத்துக்குள் கிடைத்த பாடமாகும். அவருடைய குறிப்புகளில் ஆளுநரின் முகக்குறியும் பேச்சின் தொனியும் இவ்வளவு கவனமாகப் பதிவாகியிருப்பதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

துபாசி என்பவர் இரு மொழி அறிந்தவர். பெயர் மொழிபெயர்ப்பாளரைக் குறித்தாலும் வேலை அதைவிடப் பெரிது. கும்பனிக்கு வேண்டிய துணிகளுக்கு வணிகர்களிடம் ஒப்பந்தம் பேசுவது, முன்பணம் கொடுத்துச் சரக்கை வரவழைப்பது, நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் கடிதம் எழுதுவது, ஊர் வழக்குகளைத் தீர்ப்பது, குத்தகைகளைக் கவனிப்பது ஆகிய யாவும் துபாசியின் பொறுப்பு. 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாசி கனகராய முதலியார் இறந்தபின், அந்தப் பொறுப்புகள் படிப்படியாகப் பிள்ளையிடம் வந்தன. 1754இல் துய்ப்ளே பிரான்சுக்குத் திரும்பிய பிறகு அவருடைய செல்வாக்குக் குறைந்தது. 1756இல் பதவியும் போனது. ஆனாலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

எழுதிய முறை

முதல் குறிப்பு 1736 செப்டம்பர் 6ஆம் நாளுக்கு உரியது. காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கப்பல்களின் வரவு செலவையும் புதுமையான நிகழ்ச்சிகளையும் எழுதப்போவதாக அவர் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். ஏன் எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார் என்று விளக்குவதில்லை.

ஒவ்வொரு குறிப்பும் தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை ஆகியவற்றோடு தொடங்கும். ஐரோப்பியத் தேதியும் உடன் வரும். முதல் குறிப்பு நள ஆண்டு ஆவணி மாதத்தில் விழுகிறது. ஒரே நாளுக்கு இரண்டு நாட்காட்டிகள் என்பதே அந்நகரத்தின் இயல்பைக் காட்டும். பொங்கலும் தமிழ்ப் புத்தாண்டும் ஒருபுறம். ஜனவரி முதல் தேதி ஆளுநரைக் கண்டு வாழ்த்துச் சொல்வதும், ஆகஸ்ட் 25ஆம் நாள் புனித லூயி திருநாளுக்குப் பீரங்கி முழங்குவதும் மறுபுறம். நகரவாசிகள் இரண்டையும் கணக்கில் வைத்தே வாழ்ந்தார்கள்.

மொழியும் அப்படியே. இலக்கணத் தமிழில் எழுத அவர் முயலவில்லை. வணிகர் கடிதங்களிலும் கணக்குகளிலும் வழங்கிய பேச்சுத் தமிழே அவருடைய நடை. 'கும்பனி', 'முசே', 'கோன்சேல்', 'சொல்தாது', 'கப்பித்தான்' போன்ற ஐரோப்பியச் சொற்களும், பாரசீக, உருதுச் சொற்களும், தெலுங்கு வழக்குகளும் தாராளமாக வருகின்றன. முசே என்பது பிரெஞ்சுக்காரரைக் குறிக்கும் மரியாதைச் சொல். கோன்சேல் என்பது ஆளுநரின் ஆலோசனை மன்றம். சொல்தாது என்பது ஐரோப்பியச் சிப்பாய். புலவர்கள் அவரைப் பாடிய நூல்கள் வேறு வகையின. தியாகராய தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவையும், ஸ்ரீநிவாசர் வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்புவும் இயற்றினர். அந்நூல்களில் அவர் பாட்டுடைத் தலைவர். நாட்குறிப்பிலோ காலையில் எழுந்து வேலைக்குப் போகும் மனிதர். புதுச்சேரியில் அன்று தெருவில் பேசிய தமிழ் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அறியப் புலவர்களின் நூல்கள் உதவமாட்டா, நாட்குறிப்பு உதவும்.

ஒரு நாள் வாழ்க்கை

பல குறிப்புகளில் பிள்ளையின் நாள் ஒரே ஒழுங்கில் செல்கிறது. காலையில் ஆளுநர் மாளிகைக்குச் செல்வார். ஆளுநர் பூசைக்குப் போயிருந்தால் காத்திருப்பார். வந்தபின் பேச்சு நடக்கும். ஆளுநர் கேட்டது, தாம் சொன்னது, பக்கத்தில் இருந்தவர் இடைமறித்தது எல்லாம் உரையாடலாகவே பதிவாகும். பிறகு தம்முடைய பாக்குக் கிடங்குக்கு வருவார். நண்பகலில் வீட்டுக்குச் சென்று உணவருந்துவார். மாலையில் மீண்டும் அதே சுற்று.

இந்தப் பாக்குக் கிடங்கு நாட்குறிப்பில் அடிக்கடி வரும் இடம். பெயருக்குத்தான் அது சரக்கு அறை. உண்மையில் ஊர்ச் செய்திகள் எல்லாம் வந்து சேரும் முற்றம். வணிகர்கள் கடன் பற்றிப் பேச அங்கே வருவார்கள். சாதித் தலைவர்கள் வழக்கோடு வருவார்கள். ஆர்க்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஓலையும் கடிதமும் கொண்டு ஆட்கள் வருவார்கள். செய்தித்தாள் இல்லாத நகரத்தில் செய்தி எப்படிப் பரவியது, வதந்தி எப்படிப் பிறந்தது, ஒருவர் சொன்னதை மற்றவர் எப்படிச் சரிபார்த்தார் என்பதை இக்கிடங்கின் காட்சிகள் காட்டுகின்றன. கேட்டதைக் கேட்டது என்றும் கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுதும் வழக்கம் அவருக்குப் பெரும்பாலும் உண்டு.

சாதகம், நல்ல நேரம், சகுனம் ஆகியவற்றில் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. தமக்கு நேர்ந்த உயர்வைத் தம் சாதக பலனாகவும் தெய்வச் செயலாகவும் அவர் கருதினார். அதே கையால் துணியின் விலையையும் வட்டியையும் பிழையின்றிக் கணக்கிட்டார். இரண்டும் முரண் என்று அவருக்கோ அவர் காலத்தவருக்கோ தோன்றவில்லை.

கடலும் கப்பலும்

புதுச்சேரிக்குத் துறைமுக மேடை கிடையாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருபவை சலங்கு எனப்படும் படகுகள். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த இப்படகுகள் அலையின் அடியைத் தாங்கி வளைந்து கொடுக்கும். செய்தி கொண்டுபோகக் கட்டுமரம் போதும்.

தொலைவில் பாய்மரம் தெரிந்தவுடன் நகரம் விழித்துக்கொள்ளும். எந்த நாட்டுக் கொடி, எத்தனை பீரங்கி முழக்கம், பதில் முழக்கம் எத்தனை, யார் இறங்கினார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பவற்றைப் பிள்ளை எண்ணி எழுதுவார். இந்த ஆர்வத்தில் வேடிக்கை சிறிது, பிழைப்பு பெரிது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பலில்தான் வெள்ளி வந்தது. அந்த வெள்ளியில்தான் வணிகருக்கு முன்பணம், வணிகரிடமிருந்து நெசவாளருக்குக் கூலி. 1736இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமையைப் புதுச்சேரி பெற்றதால், வந்த வெள்ளி நகரத்திலேயே நாணயமானது.

1744க்குப் பின் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டபோது கப்பல் வரவு குறைந்தது. கும்பனியிடம் பணம் இல்லை. வணிகர்கள் பாக்கி கேட்டு அலைந்தார்கள். ஆளுநர் கடன் தேடினார். கப்பல் வருமா, எப்போது வரும் என்ற ஒரே கேள்வி மாளிகை முதல் தறிக்குழி வரை எல்லோருடையதாகவும் இருந்தது. உலகப் போர்களின் விளைவு ஒரு நெசவாளியின் அடுப்பில் எப்படித் தெரிந்தது என்பதை இப்பகுதிகளில் காணலாம்.

பிள்ளையே 'ஆனந்தப் புரவி' என்ற கப்பலுக்கு உரிமையாளர். ஆகவே காற்று மாறுவதும் மழைக்காலம் தொடங்குவதும் அவருக்குச் சொந்தக் கவலையாகவும் இருந்தன. ஐப்பசியில் வாடைக்காற்றோடு புயல் எழும் கரை இது. 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் அடித்த புயல் பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதைத்துப் போரின் போக்கையே மாற்றியது.

தெருவும் சாவடியும்

நகரத்தின் ஒழுங்கைக் காத்தவர் நயினார் என்னும் காவல் தலைவர். அவருக்குக் கீழ்ச் சேவகர்கள் இருந்தார்கள். சிறு வழக்குகள் சாவடியில் தீர்க்கப்பட்டன. கடன் தகராறு, திருட்டு, அடிதடி, பாகப் பிரிவினை எல்லாம் அங்கே வந்தன. தண்டனைகள் கடுமையானவை. கசையடி, காதறுத்தல், கடைவீதியில் தூக்கு ஆகியவை ஊரார் பார்க்க நடந்தன.

அரசாணை தமுக்கடித்து அறிவிக்கப்பட்டது. தெருவிலும் கடற்கரையிலும் கண்ட இடத்தில் மலம் கழிப்பவர்களுக்கு அபராதம் என்று ஒருமுறை தமுக்கு அடிக்கப்பட்டதைப் பிள்ளை எழுதியிருக்கிறார். ஊரில் இது பெரும் பேச்சானது. ஒதுங்குவதற்கு வேறு இடம் ஏற்படுத்தித் தராமல் அபராதம் மட்டும் விதிக்கும் ஆணை எத்தகைய சங்கடத்தைத் தரும் என்பது இன்றைய வாசகருக்கும் விளங்கும். ஆளுநரின் பேரேடுகளில் இது ஒரு வரி விதி. நாட்குறிப்பில் அது மக்களின் முணுமுணுப்பு.

வலங்கை, இடங்கை என்ற சாதிப் பிரிவுகளின் மோதல் நகரத்தின் தீராத தலைவலியாக இருந்தது. எந்த ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம், எந்த வாத்தியம் வாசிக்கலாம், யாருக்குப் பல்லக்கு, யாருக்குக் குடை என்பவை இன்றைக்குச் சிறியவையாகத் தோன்றலாம். அன்று அவற்றுக்காகக் கடைகள் அடைக்கப்பட்டன, வேலை நின்றது, மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதாக மிரட்டினார்கள். கும்பனிக்கு நெசவாளரும் வணிகரும் வேண்டும். எனவே இந்த மிரட்டலுக்கு வலிமை இருந்தது. வாக்குரிமை என்பதே இல்லாத காலத்தில் ஊர் மக்களிடம் இருந்த ஆயுதம் இதுவே.

விருந்தும் வழிபாடும்

கனகராய முதலியார் கிறித்தவர். அவருடைய ஒரே மகன் 1739இல் இளம் வயதில் இறந்தார். அவர் நினைவாக உழவர்கரையில் ஒரு தேவாலயத்தைக் கட்டிய முதலியார், 1745ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் முழுவதையும் அழைத்து விருந்து வைத்தார். பிராமணருக்கும் வேளாளருக்கும் செட்டிகளுக்கும் மற்றச் சாதியினருக்கும் அவரவர் முறைப்படி தனித்தனியே சமையலும் இடமும் ஏற்பாடாயின. ஐரோப்பியருக்கு அவர்கள் வழக்கப்படி விருந்து. ஆளுநரும் மனைவியும் வந்தனர். இதை விரிவாக எழுதும் பிள்ளை, இந்த ஏற்பாடு முழுமையாகக் கிறித்தவ முறையும் அன்று, இந்து முறையும் அன்று என்ற கருத்தில் ஒரு குத்தலையும் சேர்த்திருக்கிறார். முதலியார் குடும்பத்தோடு அவருக்கிருந்த பதவிப் போட்டியும் அந்தக் குத்தலில் உண்டு.

அதே ஆண்டு அக்டோபரில் எழுதப்பட்ட குறிப்பு இன்னும் முக்கியமானது. சம்பாக் கோயில் என்று மக்கள் அழைத்த தேவாலயத்தினுள், உயர்சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் திரண்டு தலைமைக் குருவிடம் சென்று நியாயம் கேட்டார்கள். கடவுளின் பிள்ளைகள் அனைவரும் சமம் என்றால் நடுவே சுவர் எதற்கு என்பது அவர்களுடைய வாதம். சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து உயர்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். கூட்டம் கூடிப் பேசுவோரைப் பிடிக்க ஆளுநர் சேவகர்களை நிறுத்தும் அளவுக்கு நிலைமை முற்றியது. தமிழ்நாட்டில் வழிபாட்டிடத்தில் சம உரிமை கேட்டு நடந்த போராட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் குறிப்பைக் கடந்துபோக முடியாது. கேட்டவர்களின் பெயர்கள் அதில் இல்லை. கேட்டார்கள் என்ற செய்தி இருக்கிறது.

சம்பாக் கோயிலை அடுத்து வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகளாகப் பூசல். 1746 மார்ச்சில் ஓர் இரவு அடையாளம் தெரியாத இருவர் ஈசுவரன் கோயிலுக்குள் புகுந்து அசுத்தத்தைக் கொட்டிச் சென்றனர். ஊர்ப் பெரியவர்கள் திரண்டு முறையிட்டனர். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் அக்கோயில் இடிக்கப்பட்டது. மகாநாட்டார் எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் ஓடோடி வந்தார்கள். பிள்ளையால் இடிப்பைத் தடுக்க முடியவில்லை. சிலைகளைக் காளத்தீசுவரன் கோயிலுக்கு எடுத்துச் செல்வது மட்டுமே இயன்றது. இந்நாட்களின் குறிப்புகளில் துயரம் வெளிப்படுகிறது. கூடவே, ஊரார் ஒன்றுபட்டு நின்றிருந்தால் இது நடந்திராது என்ற குறையும் வெளிப்படுகிறது. நகரத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற தமிழரின் செல்வாக்கு எந்த எல்லை வரை சென்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஆள்பிடிப்போர்

1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில் நகரத்தின் இருண்ட பக்கம் ஒன்று தெரிகிறது. ஏழைகளைப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றும் கூட்டம் ஒன்று அகப்பட்டது. வேலை தருவதாக ஏய்த்தும், மருந்திட்டு மயக்கியும் ஆட்களைக் கவர்ந்து, அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் அடைத்துவைத்தார்கள். தலையை மழித்து, கறுப்பு உடை உடுத்தி, காலில் விலங்கு மாட்டி, இரவோடு இரவாகக் கப்பலுக்கு அனுப்பினார்கள். இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளின் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் அடிமைகள் தேவைப்பட்டனர்.

கும்பனிக்கு ஆட்சேபம் இருந்தது ஆளைக் கடத்தியதில்தான். அடிமை வாணிகத்தில் அன்று. விலை கொடுத்து வாங்கிப் பதிவு செய்த அடிமைகள் சட்டப்படி கப்பலேறினார்கள். பஞ்சம் வந்தால் பெற்றோரே பிள்ளைகளை விற்ற காலம் அது. பிள்ளையும் அந்த அமைப்பையே கேள்வி கேட்டவர் என்று சொல்ல முடியாது. ஆயினும் மழித்த தலையையும் விலங்கையும் அவர் எழுதிவைத்ததால், மொரீசியஸில் இன்று வாழும் தமிழ் வழியினரின் முன்னோரில் ஒரு பகுதியினர் எந்த நிலையில் கரையை விட்டுப் பிரிந்தார்கள் என்பதற்குத் தமிழிலேயே ஒரு சாட்சியம் கிடைத்திருக்கிறது.

போர்க்காலத்து நகரம்

1740இல் மராட்டியர் படையெடுப்பில் நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டபோது, அவருடைய குடும்பத்தினர் யானை, ஒட்டகம், பெட்டி படுக்கைகளோடு புதுச்சேரியின் வாசலுக்கு வந்து அடைக்கலம் கேட்டனர். ஆளுநர் துமா அவர்களை உள்ளே விட்டார். மதில் சூழ்ந்த நகரத்தின் மதிப்பு அன்று உயர்ந்தது.

1746 செப்டம்பர் 21 அன்று சென்னை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. செய்தி எட்டியதும் புதுச்சேரியில் ஒரே ஆரவாரம். சென்னை வணிகர்களைப் புதுச்சேரிக்குக் குடியேற்ற முயற்சிகள் நடந்தன. இரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1748 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆங்கிலத் தளபதி பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். பெண்டு பிள்ளைகளோடு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். இருந்தவர்கள் குண்டுகள் வரும் ஓசையைக் கேட்டு எங்கே விழுமோ என்று காத்திருந்தனர். படைகளின் நகர்வைவிட, எந்தத் தெருவில் யார் வீட்டில் குண்டு விழுந்தது, யார் ஓடினார், யார் தங்கினார் என்பதில்தான் இப்பகுதிகள் உயிர்பெறுகின்றன. இம்முறை நகரம் தப்பியது.

1760இல் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் மீண்டும் முற்றுகையிட்டபோது தப்பவில்லை. உணவு தீர்ந்தது. நவம்பர் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, உள்ளே எஞ்சியிருந்த உள்ளூர் மக்களில் சுமார் 1,400 பேரை வெளியேற்றினார். ஆங்கிலப் படை முதலில் அவர்களுக்கு வழி விடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே, கிடைத்த கிழங்கையும் புல்லையும் தின்று பல நாள் தவித்த பின்னரே அவர்கள் போக விடப்பட்டார்கள். 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. நோயுற்றிருந்த பிள்ளை அதே நாட்களில், தம் 52ஆம் வயதை எட்டும் முன்பே காலமானார்.

அழிந்த நகரமும் எஞ்சிய ஏடுகளும்

வென்றவர்கள் கோட்டையையும் மதிலையும் மாளிகைகளையும் இடித்தனர். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி 1765இல் ஊர் திரும்பக் கிடைத்தபோது, பிரெஞ்சுக்காரர் இடிபாடுகளின்மேல் புதிய நகரத்தை எழுப்பினர். இன்று சுற்றுலாப் பயணிகள் காணும் வெள்ளையர் பகுதியின் கட்டடங்கள் அதற்குப் பிந்தியவை. பழைய நகரத்தின் எச்சங்களில் ஒன்று, பெரிய கடைவீதியை ஒட்டியுள்ள பிள்ளையின் வீடு. கீழ்த்தளத்தில் தமிழ் முறை மரத்தூண்களும் மேல்தளத்தில் பிரெஞ்சு முறைத் தூண் வரிசையும் கொண்ட அவ்வீடு, அவர் வாழ்ந்த இரு உலகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிறது.

ஏடுகள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846இல் அவற்றைக் கண்டறிந்த கலுவா மோம்பிரேன் படி எடுக்கச் செய்தார். எதுவார் அரியேல் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. ஜூலியன் வின்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் தந்தார். சென்னை அரசின் முயற்சியால் 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது. பிரெடரிக் பிரைஸ், ரங்காச்சாரி ஆகியோர் தொடங்கிய பணியை ஹென்றி டாட்வெல் முடித்தார். தமிழில் எழுதப்பட்ட நூல் தமிழில் அச்சேறத் தொடங்கியது அதற்கும் பின்னர், 1948இல்தான். எழுத்தாளர் பிரபஞ்சன் இக்குறிப்புகளிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய புதினங்களை உருவாக்கினார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பிள்ளைக்குப் பின்னும் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதும் மரபு தொடர்ந்தது. 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு அதற்குச் சான்று.

யாருடைய கண்

இலண்டன் நகர வாழ்வை 1660 முதல் 1669 வரை எழுதிய சாமுவேல் பெப்பீசுடன் பிள்ளையை ஒப்பிடுவது வழக்கம். பெப்பீசு தம் அந்தரங்கத்தைச் சுருக்கெழுத்தில் மறைத்து எழுதினார். பிள்ளையிடம் அந்தரங்கம் குறைவு, ஊர் அதிகம்.

ஆனால் அந்த ஊர் அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த ஊர். அவர் செல்வர்; உயர்சாதியினர்; ஆளுநரின் அவைக்குச் செல்பவர். எதிரிகளைப் பற்றி எழுதும்போது நடுநிலை தவறுகிறார். துய்ப்ளேயின் மனைவி ழானைப் பற்றிய குறிப்புகளில் பகைமை தெளிவாகவே தெரிகிறது. தறி நெய்தவர், சலங்கு ஓட்டியவர், பல்லக்குச் சுமந்தவர் ஆகியோர் வழக்கோ கலகமோ எழுந்தால் மட்டும் தோன்றி மறைகிறார்கள். பெண்கள் திருமணத்திலும் சாவிலும் மட்டும் தென்படுகிறார்கள். குறிப்புகளில் இடைவெளிகளும் உள்ளன.

இந்தக் குறைகளை அறிந்து படிப்பவருக்கு நாட்குறிப்பு கூடுதலாகவே தருகிறது. சுவரை இடிக்கக் கேட்டவர்களும், விலங்கிட்டுக் கப்பலேற்றப்பட்டவர்களும், தமுக்கைக் கேட்டு முணுமுணுத்தவர்களும் கும்பனியின் கணக்கில் இடம்பெறத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட்டவர்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பிள்ளை திட்டமிடவில்லை. கேட்டதையும் கண்டதையும் அன்றன்றே எழுதுவது என்ற பழக்கத்தை 25 ஆண்டுகள் விடாமல் கடைப்பிடித்தார். அதனால் அவர்களும் பதிவானார்கள்.